மேட்டுக்குடியும் தாழ்நிலமும்: லண்டன் பாதாளச் சாக்கடையின் கிழக்கு முகம்

நகரங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் விரும்பிச் சொல்லும் கதைகளுள் ஒன்று, 1858-ஆம் ஆண்டு லண்டனைப் பிடித்தாட்டிய 'பெருநாற்றம்'. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வழக்கத்துக்கு மாறான வெயில். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கழிவைச் சுமந்திருந்த தேம்ஸ் நதி, கடல் ஓதம் ஏறும்போது மேற்கேயும் இறங்கும்போது கிழக்கேயுமாக அதே அழுக்கை இழுத்துக்கொண்டு அலைந்தது. நதிக்கரையில் நிற்கும் பாராளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. நிதியமைச்சராகவும் கீழவையின் முன்னவராகவும் இருந்த டிஸ்ரேலி ஜூலை 15 அன்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு 2-ஆம் தேதி அது சட்டமாகிவிட்டது. பல ஆண்டுகளாக இழுபறியில் கிடந்த காரியம் 18 நாட்களில் முடிந்தது. ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் லண்டனுக்கு அடியில் செங்கல்லால் ஒரு பாதாள நகரத்தையே கட்டினார். தேம்ஸ் பிழைத்தது, வாந்திபேதி ஒழிந்தது, சுபம்.

இக்கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் நிறைவேறி எட்டு ஆண்டுகள் கழித்து, பாதாளச் சாக்கடையின் பெரும்பகுதி கட்டி முடிக்கப்பட்ட பிறகு, அதே லண்டனில் 5,500-க்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்தார்கள் என்பது கதையின் வேகத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நகரத்தின் ஒரே பகுதியில், கிழக்கில், வாழ்ந்தவர்கள். 1866-ஆம் ஆண்டின் அந்தக் கோடைக்காலத்தைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் கிழக்கு லண்டனுக்கு வாய்த்தவை பற்றியும்தான் இக்கட்டுரை.

முதலில் சிறிது பின்னணி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை லண்டனின் சாக்கடைகள் மழைநீருக்காக மட்டுமே இருந்தன. வீட்டுக் கழிவு வீட்டுக்கு அடியில் இருந்த குழிகளில் தேங்கும். இரவில் வரும் தொழிலாளர்கள் அதை அள்ளிச் சென்று ஊருக்கு வெளியே உழவர்களுக்கு எருவாக விற்பார்கள். நகரம் வளர வளர வயல்கள் தூரம் போயின, அள்ளும் கூலி ஏறியது. வசதி படைத்தோர் வீடுகளில் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் வந்து, குழிகள் நிரம்பி வழியத் தொடங்கின. 1840-களின் இறுதியில் அதிகாரிகள் குழிகளை மூடி எல்லாவற்றையும் சாக்கடையில் விடச் செய்தார்கள். சாக்கடைகள் போய்ச் சேர்ந்த இடம் தேம்ஸ். மக்களில் கணிசமானோர் குடித்ததும் அதே தேம்ஸ். 1848-49-இல் வாந்திபேதிக்கு லண்டனில் பலியானவர்கள் ஏறத்தாழ 14,000 பேர். 1853-54-இல் மேலும் 10,000-க்கு மேல்.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதில் அன்றைய அறிஞர்களிடையே பெரும்பான்மைக் கருத்து ஒன்றுதான்: அழுகிய பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்று. இக்கருத்துக்கு எண்களால் வலுச் சேர்த்தவர் வில்லியம் ஃபார். பிறப்பு இறப்புப் பதிவுத் துறையின் புள்ளியியலாளர், இங்கிலாந்தின் மரணங்களை எண்ணுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். 1848-49-இன் சாவுக் கணக்கை அவர் லண்டனின் நில உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நதியின் மட்டத்திலிருந்து 20 அடி உயரத்துக்குள் வாழ்ந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 102 பேர் இறந்திருந்தார்கள். 20 முதல் 40 அடி வரை 65 பேர், 40 முதல் 60 அடி வரை 34 பேர் என்று படிப்படியாகக் குறைந்து, 340 அடிக்கு மேலே, ஹாம்ஸ்டெட் குன்றுப் பக்கம், பத்துக்கும் கீழே போய்விட்டது. இவ்வளவு சீரான ஒரு படிக்கட்டைக் கண்ட எந்தப் புள்ளியியலாளருக்கும் ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி எழும். நதிக்கரைச் சேற்றிலிருந்து எழும் நச்சுக்காற்று மேலே போகப்போக மெலிகிறது என்பது ஃபாரின் முடிவு.

தமிழில் நாம் செல்வந்தர்களை 'மேட்டுக்குடி' என்கிறோம். ஃபார் வரைந்த அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. லண்டனில் மேட்டு நிலம் விலை உயர்ந்தது, காற்றோட்டமானது, நல்ல வடிகால் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வந்த குடிநீர் வேறு இடத்திலிருந்து வந்தது. தாழ்நிலத்தில், குறிப்பாக நதிக்குத் தென்கரையில், குடிநீர் நிறுவனங்கள் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரையே குழாயில் விட்டன. சாவுக்குக் காரணம் உயரம் அன்று, நீர் என்று சொன்னவர் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர். 1854-இல் தென் லண்டனின் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில், இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. ஒன்று நகருக்கு மேற்கே நல்ல நீர் எடுத்தது, மற்றொன்று நகருக்குள்ளேயே சாக்கடை கலந்த நீரை எடுத்தது. நோயின் முதல் ஏழு வாரங்களில் நல்ல நீர் பெற்ற பத்தாயிரம் வீடுகளுக்கு 37 சாவுகள், மற்ற நீர் பெற்ற பத்தாயிரம் வீடுகளுக்கு 315 சாவுகள். காற்றும் உயரமும் இரு வீடுகளுக்கும் ஒன்றே. இதைவிடத் தெளிவான சான்று என்ன வேண்டும் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அன்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை. ஃபார் ஸ்னோவை மதித்தார், எண்களைக் கொடுத்து உதவினார், ஆனாலும் காற்றை விட மனம் வரவில்லை. ஸ்னோ 1858 ஜூன் 16 அன்று, தேம்ஸ் நாறிக்கொண்டிருந்த அதே மாதத்தில், 45 வயதில் இறந்துபோனார்.

இனி பசல்ஜெட்டிடம் வருவோம். 1855-இல் இயற்றிய ஒரு சட்டத்தால் மாநகரப் பணிகள் வாரியம் உருவானது. பசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளர். நதிக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்கால்வாய்களைக் கட்டி, நதியை நோக்கி வரும் சாக்கடைகளை எல்லாம் வழியிலேயே இடைமறித்து, நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விடுவது என்பது திட்டம். இதில் ஒரு சிக்கல். மாநகருக்குள்ளோ அதன் அருகிலோ கழிவு நதியில் கலக்கக்கூடாது என்று சட்டம் சொன்னது. 'அருகில்' என்றால் எவ்வளவு தூரம்? இரண்டு ஆண்டுகள் இந்த ஒரு சொல்லின் மீது சண்டை நடந்தது. அரசு நியமித்த நடுவர்கள், நதி முகத்துவாரத்தை ஒட்டி, வாரியம் நினைத்ததைவிடப் பல மைல்கள் தள்ளிக் கொண்டுபோகச் சொன்னார்கள். கூடுதல் செலவை யார் தருவது என்பதில் வாரியமும் அரசும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பெருநாற்றத்தின் சட்டம் இச்சிக்கலை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. வாரியத்துக்குக் கடன் வாங்க அதிகாரம் தந்தது, கூடவே திட்டத்தைத் தடுக்கும் அரசின் உரிமையையும் எடுத்துவிட்டது. வாரியம் தனக்குக் கட்டுப்படியான இடங்களையே தேர்ந்தது. வடகரைக் கழிவுக்கு பார்க்கிங், தென்கரைக் கழிவுக்கு கிராஸ்னெஸ். நாற்றத்தால் கிடைத்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. நதியின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இருந்த ஒரே சட்டப் பாதுகாப்புதான் அந்த விலை. பார்க்கிங் அன்று எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு மீன்பிடி ஊர், மாநகர எல்லைக்கு வெளியே. வாரியத்தில் அதற்கு உறுப்பினர் இல்லை.

கால்வாய்களின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்தது முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. வடகரையில் மூன்று பெருங்கால்வாய்கள். முதலாவது ஹாம்ஸ்டெட் குன்றிலிருந்து இறங்கி வருவது. இரண்டாவது நடு மட்டத்தில், கென்சல் கிரீன் பக்கம் தொடங்கி, பேஸ்வாட்டர், ஆக்ஸ்ஃபோர்டு வீதி வழியாகக் கிழக்கே போவது. இவை இரண்டும் ஓல்டு ஃபோர்டு என்னுமிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து பார்க்கிங் வரை செல்லும் பெருங்கழிவுக் கால்வாயில் தாமாகவே வழிந்து ஓடும். யாரும் தள்ள வேண்டியதில்லை, புவியீர்ப்பு போதும். மூன்றாவது கால்வாய் நதியை ஒட்டித் தாழ்நிலத்தில் வருவது. அதன் கழிவு பெருங்கால்வாயின் மட்டத்துக்குக் கீழே கிடக்கும். அதை ஏற்றம் இறைப்பதுபோல 36 அடி மேலே தூக்கிவிட வேண்டும். அதற்கு நீராவி எந்திரங்கள் வேண்டும், எந்திரங்களுக்கு ஒரு மாளிகை வேண்டும். அதுதான் அபே மில்ஸ் நீரேற்று நிலையம்.

கட்டுமானம் எந்த வரிசையில் முடியும் என்பதை இனி யாரும் ஊகிக்கலாம். தானாக ஓடும் மேட்டுக் கால்வாய்கள் முதலில் முடிந்தன. தென்கரையின் கிராஸ்னெஸ் நிலையத்தை 1865 ஏப்ரலில் வேல்ஸ் இளவரசரே வந்து திறந்துவைத்தார். வடகரைத் தாழ்நிலக் கால்வாயின் நடுப்பகுதி, நதிக்கரையில் எழுப்பத் திட்டமிட்ட புதிய அணைச்சுவரோடும் அதனுள் ஓடவிருந்த இரயில் பாதையோடும் பின்னிப் பிணைந்து தாமதப்பட்டது. கிழக்குப் பகுதியில் கால்வாய் தோண்டி முடித்துவிட்டார்கள். ஆனால் அபே மில்ஸில் எந்திரங்கள் இல்லை. எந்திரங்கள் இல்லாத தாழ்நிலக் கால்வாய் வெறும் செங்கல் குகைதான். கிழக்கு லண்டனின் கழிவு முன்போலவே தேம்ஸிலும், அதன் கிளை நதியான லீயிலும் கலந்துகொண்டிருந்தது.

இதில் சதி ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பசல்ஜெட் கிழக்கு லண்டனின் எதிரி அல்லர், தன் வேலையை அசாதாரண நேர்மையோடு செய்தவர். கிழக்கைக் கடைசியில் வைப்போம் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போடவில்லை. நீர் பள்ளத்தை நோக்கிப் பாயும், பணம் மேட்டில் குடியேறும், ஆகவே மேட்டுக்கு வடிகால் மலிவு, பள்ளத்துக்குச் செலவு. பொறியியலின் நியாயம் நிலவிலையின் நியாயத்தோடு ஒரே திசையில் நடந்தது. எவர் மீதும் குற்றம் சாட்ட இயலாத இத்தகைய அநீதிகளை வரலாற்றில் எழுதுவது கடினம். வில்லன் இல்லாத கதையைப் படிக்க நமக்குப் பழக்கமில்லை.

ஆனால் குடிநீரின் கதையில் அவ்வளவு எளிதாக யாரையும் விட்டுவிட முடியாது.

லண்டனின் குடிநீர் அன்று எட்டுத் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் தேம்ஸுக்கு வடக்கே சில காலம் போட்டி போட்ட பிறகு, நட்டம் தாங்காமல் நகரத்தைத் தமக்குள் பங்குபோட்டுக்கொண்டவை அவை. கிழக்குப் பகுதி முழுவதும் கிழக்கு லண்டன் நீர் நிறுவனத்தின் பங்கு. வேறு நீர் வேண்டும் என்று அங்கே ஒருவர் விரும்பினாலும் வாங்க வழியில்லை. கிடைத்த நீரும் எப்போதும் வராது. ஏழைகள் வாழ்ந்த முற்றங்களில் பல வீடுகளுக்கு ஒரு குழாய், நாளில் சிறிது நேரம் மட்டும் நீர், ஞாயிறன்று பல இடங்களில் அதுவும் இல்லை. வரும்போது பீப்பாய்களில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பீப்பாய்க்கு மூடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

நிறுவனம் லீ நதியின் நீரை மேலே லீ பிரிட்ஜில் எடுத்து, மணலில் வடிகட்டி, ஓல்டு ஃபோர்டு நிலையத்துக்கு அனுப்பியது. ஓல்டு ஃபோர்டில் மூடிய நீர்த்தேக்கம் இருந்தது. அதன் பக்கத்தில் லீ நதிக் கரையிலேயே பழைய, திறந்த நீர்த்தேக்கங்களும் இருந்தன. வடிகட்டாத நீரை வீட்டுக் குழாயில் விடக்கூடாது, செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து ஐந்து மைல்களுக்குள் உள்ள குடிநீர்த் தேக்கங்கள் மூடியிருக்க வேண்டும் என்று 1852-ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. சட்டப்படி அந்தத் திறந்த தேக்கங்களுக்கும் மக்களின் குழாய்க்கும் தொடர்பே இருக்கக்கூடாது.

1866 ஜூன் இறுதியில், லீ நதிக்கு அருகே பிராம்லி என்னும் பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் ஒரே நாளில் வாந்திபேதியில் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் கழிப்பறை நேராக லீ நதியில் கலந்தது, ஓல்டு ஃபோர்டு நீர்த்தேக்கங்களிலிருந்து அரை மைல் கீழே. அங்கே லீ, ஓதம் ஏறி இறங்கும் நதி. கீழே விழுந்தது மேலே ஏறிவரத் தடையில்லை. இரண்டு வாரங்களில் பெத்னல் கிரீன், ஒயிட்சேப்பல், ஸ்டெப்னி, மைல் எண்ட், பாப்ளர் எங்கும் சாவுகள் தொடங்கின. ஆகஸ்டு முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டன. நகரத்தின் பிற பகுதிகளில் நோய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவே.

வாரந்தோறும் சாவுக் கணக்கை வெளியிட்டுவந்த ஃபார், வரைபடத்தில் சாவுகள் கூடியிருக்கும் வடிவத்தைக் கண்டார். அது உயரத்தின் வடிவம் அன்று. தென்கரையின் தாழ்நிலங்களில், முந்தைய கொள்ளைநோய்களில் பிணக்காடாகக் கிடந்த அதே தெருக்களில், இம்முறை பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே குடிநீர் மாறியிருந்தது, பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டது. சாவுகள் கிழக்கு லண்டன் நிறுவனத்தின் குழாய்கள் ஓடும் எல்லைக்குள் ஏறத்தாழக் கச்சிதமாக அடங்கியிருந்தன. தன் பழைய விதியைத் தன் கையாலேயே கிழித்துப்போட ஃபார் தயங்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஸ்னோ சொன்னதே சரி என்று அரசு ஏட்டில் எழுதினார். நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி கிழக்கில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. விறகுக்கும் கரிக்கும் காசில்லாத வீடுகளில் அந்த அறிவிப்பு என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

ஃபார் பசல்ஜெட்டுக்கு எழுதிக் கேட்டார். பசல்ஜெட் அளித்த விடை இன்று படிக்கும்போதும் உறுத்துவது. துரதிருஷ்டவசமாக, தங்கள் பணி முடிவடையாத பகுதி சரியாக அதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். கால்வாய் கட்டியாயிற்று, நீரேற்று நிலையம் அடுத்த ஆண்டுக் கோடையில்தான் முடியும், அதுவரை தற்காலிக எந்திரங்களைச் சில வாரங்களில் நிறுத்தித் தருகிறேன் என்றார். சில வாரங்களில் முடியக்கூடிய காரியமாக அது இருந்திருக்கிறது. சாவுகள் தொடங்குவதற்கு முன் அப்படி ஒரு கடிதத்தை எழுதும் அவசியம் யாருக்கும் நேரவில்லை.

நீர் நிறுவனத்தின் பொறியாளர் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகளாக ஒரு சொட்டு நீரைக்கூட வடிகட்டாமல் அனுப்பியதில்லை என்பது அவர் வாதம். ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் இருவர் தம் வீட்டுக் குழாயிலிருந்து விலாங்கு மீன்கள் வந்ததாகச் சாட்சியம் சொன்னார்கள். மணல் வடிகட்டியில் புகுந்து வரும் விலாங்கு மீன் உலகில் இல்லை. அரசு அனுப்பிய கேப்டன் டைலரும், மருத்துவத் துறையின் சார்பில் நெட்டன் ராட்கிளிஃபும் தனித்தனியே விசாரித்தார்கள். திறந்த தேக்கத்தின் நீர் மூடிய தேக்கத்துக்குள் சில முறை விடப்பட்டிருந்தது வெளிவந்தது. நிறுவனமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தேவை கூடிய நேரத்தில் பக்கத்தில் இருந்த நீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வாந்திபேதிக்கு அது போதும்.

ஒயிட்சேப்பலில் இருந்த லண்டன் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளை எங்கே கொண்டுபோவது என்பதே தனிப் பிரச்சினையாயிற்று. சீனாவுக்கு மதபோதகராகச் செல்லும் எண்ணத்தோடு அவ்வாண்டுதான் அயர்லாந்திலிருந்து வந்து அம்மருத்துவமனையில் படிக்கச் சேர்ந்த தாமஸ் பர்னார்டோ என்ற இளைஞர், இந்தத் தெருக்களில் பார்த்ததற்குப் பிறகு சீனாவுக்குப் போகவே இல்லை. அவர் பெயரால் இன்றும் இயங்கும் குழந்தைகள் அறநிலையத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. நீர் நிறுவனமோ தொடர்ந்து நீர் விற்றது. லண்டனின் குடிநீர் நிறுவனங்களைப் பொதுவுடைமையாக்கிய வாரியம் பொறுப்பேற்றது 1904-இல்தான்.

அபே மில்ஸ் 1868-இல் திறக்கப்பட்டது. பைசாந்தியக் கோவிலைப் போன்ற அலங்காரக் கட்டடம், உள்ளே எட்டு நீராவி எந்திரங்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள், இன்றும் வியக்கிறார்கள். கிழக்கின் கழிவு தேம்ஸிலிருந்து விலகியது. 1866-க்குப் பின் லண்டனில் வாந்திபேதி கொள்ளைநோயாக வரவில்லை. பாதாளச் சாக்கடை வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. சில ஆண்டுகள் முன்பே அது கிழக்கிலும் வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் இதுவே சான்று.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாக்கடைக்கு மாநகரம் முழுவதற்கும் பொதுவாக, சொத்து மதிப்புக்கேற்ற வரி. அது நியாயமான ஏற்பாடுதான். தேம்ஸ் கரையில் எழுந்த அழகிய அணைச்சுவர்களின் கணக்கு வேறு. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் வரை நதியை ஒதுக்கி, 37 ஏக்கர் நிலத்தை மீட்டு, உள்ளே தாழ்நிலக் கால்வாயையும் இரயிலையும் ஓடவிட்டு, மேலே சாலையும் மரங்களும் பூங்காக்களும் அமைத்து 1870-இல் திறந்தார்கள். அதற்கான பணத்தின் பெரும்பகுதி, லண்டனுக்குள் வரும் நிலக்கரி மீது போட்ட தீர்வையிலிருந்து வந்தது. நிலக்கரி எரிக்காத அடுப்பு அன்றைய லண்டனில் இல்லை. ஸ்டெப்னியில் ஒரு துறைமுகக் கூலி குளிருக்கு வாங்கிய ஒவ்வொரு கூடைக் கரியிலும் ஒரு துளி, மேற்கே பூங்காவாக மலர்ந்தது. லம்பெத், செல்சி என்று அடுத்தடுத்து எழுந்த அணைச்சுவர்களும் மேற்கிலேயே எழுந்தன. லண்டன் பாலத்துக்குக் கிழக்கே நதிக்கரை கிடங்குகளுக்கும் சேற்றுக்கும் விடப்பட்டது. தெருச் சாக்கடை, குப்பை, வீட்டு ஆய்வு போன்றவை அந்தந்த வட்டாரத்தின் பொறுப்பு. அவரவர் வரியில் அவரவர் செய்துகொள்ள வேண்டும். ஏழைகள் மிகுந்த வட்டாரத்தில் வரி விகிதம் அதிகம், வசூல் குறைவு. பணக்கார வட்டாரங்களின் வரியில் ஒரு பகுதியை ஏழை வட்டாரங்களுக்குப் பகிர்ந்து தரும் சட்டம் 1894-இல்தான் வந்தது.

மாநகர எல்லைக்கு ஒரு அடி வெளியே வாழ்ந்தவர்கள் நிலைமை இன்னும் விநோதமானது. லீ நதிக்கு அக்கரையில் வெஸ்ட் ஹாம். எலும்பு காய்ச்சுதல், சோப்பு, தோல், ரசாயனம் முதலிய நாற்றத் தொழில்களுக்கு மாநகருக்குள் கெடுபிடி இருந்தது, லீயைத் தாண்டினால் இல்லை. நிலமும் மலிவு. தொழிற்சாலைகள் அங்கே குவிந்தன, பின்னாலேயே தொழிலாளர்களும். 1851-இல் ஏறத்தாழ 19,000 பேர் வாழ்ந்த வெஸ்ட் ஹாமில் 1901-இல் 2,67,000 பேர். அங்கே வீடுகளின் கழிவு சதுப்பு நிலத்து ஓடைகளில் தேங்கியதை 1855-இல் ஆய்வு செய்து அறிக்கை தந்தவர் ஆல்ஃபிரட் டிக்கன்ஸ், நாவலாசிரியரின் தம்பி, பொறியாளர். இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணன் நடத்திய வார இதழும் இந்த எல்லைக்கு அப்பாலான லண்டன்வாசிகளைப் பற்றி ஹென்றி மார்லியின் கட்டுரை ஒன்றை வெளியிட்டது.

அபே மில்ஸ் நிலையம் நின்ற மண் வெஸ்ட் ஹாமின் மண். பார்க்கிங் செல்லும் பெருங்கழிவுக் கால்வாய் வெஸ்ட் ஹாமின் குறுக்கே, சாய்மட்டம் கெடாமலிருக்க ஓர் உயர்ந்த மண்கரையின் மேல், தெருக்களையும் வீடுகளையும் பிரித்துக்கொண்டு ஓடியது. லட்சக்கணக்கான லண்டன்வாசிகளின் கழிவு இரவும் பகலும் அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. ஆனால் வெஸ்ட் ஹாம் தன் கழிவை அதில் விட அனுமதியில்லை, அது மாநகரம் அன்று. தலைக்கு மேலே ஓடும் கால்வாயில் தன் சாக்கடையைச் சேர்க்கும் ஒப்பந்தம் அதற்கு 1890-களின் பிற்பகுதியில்தான் கிடைத்தது.

கால்வாயின் மறுமுனையில் பார்க்கிங் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பாதிரியாரும் மக்களும் கையெழுத்திட்டு அரசுக்கு மனு அனுப்பினார்கள். 1869-இல் விசாரணை நடந்தது. வாரியத்தின் வாதமே எடுபட்டது. கழிவை ஓதம் இறங்கும்போது மட்டும் திறந்துவிடுகிறோம், அது கடலுக்குப் போய்விடுகிறது என்பது வாரியத்தின் நிலை. சுத்திகரிப்பு என்ற பேச்சே அன்று இல்லை. ஓரிடத்தின் அழுக்கு இன்னோரிடத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் அலிஸ்' என்ற நீராவிப் படகு, உல்விச் அருகே 'பைவெல் காசில்' என்ற நிலக்கரிக் கப்பலோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோதல் நடந்தது இரண்டு கழிவு வாய்களுக்கும் அருகில், சுமார் ஒரு மணிநேரத்துக்கு முன்தான் அன்றைய கழிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். மீட்கப்பட்ட உடல்கள் பிசுபிசுப்போடு இருந்ததையும் வெகு விரைவில் அழுகியதையும் அடையாளம் காண வந்தவர்கள் சொன்னார்கள். இறந்தவர்களுள் பலர் லண்டன் நகரவாசிகள். இம்முறை நாற்றம் செய்தித்தாள்களுக்கு எட்டியது. 1882-இல் அரச ஆணையம் அமைத்தார்கள். திடக்கழிவைப் பிரிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1887 முதல் சகதியைக் கப்பலில் ஏற்றிக் கடல் முகத்துவாரத்தில் கொட்டினார்கள். அக்கப்பல்களுள் முதலாவதன் பெயர் 'பசல்ஜெட்'. இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

பசல்ஜெட்டின் கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன. கனமழையில் அவை நிரம்பித் தேம்ஸில் வழிந்ததால், நதிக்கடியில் புதிதாக ஒரு பெருஞ்சுரங்கம் வெட்டினார்கள். மேற்கே ஆக்டனில் தொடங்கும் அது 25 கிலோமீட்டர் நீளம் உடையது. தொடங்குமிடத்தில் சுமார் 30 மீட்டர் ஆழம், கிழக்கே போகப்போகச் சரிந்து முடியுமிடத்தில் 60 மீட்டருக்கும் மேல். 2025 பிப்ரவரியில் அதன் 21 இணைப்புகளும் நிறைவடைந்தன. சுரங்கம் முடியுமிடம் அபே மில்ஸ். அங்கிருந்து 2016-இல் முடிந்த லீ சுரங்கம் வழியாகக் கழிவு பார்க்கிங் அருகேயுள்ள பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வெஸ்ட் ஹாமின் குறுக்கே போகும் பழைய மண்கரையின் மேல் நடைபாதை அமைத்துப் 'பசுமை வழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் அதில் ஓடுபவர்களும் மிதிவண்டியில் போகிறவர்களும் உண்டு. கால்வாய் அவர்கள் காலடியில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.